அமெரிக்க மளிகைக் கூப்பன்கள்: தள்ளுபடிக் காசு யார் பையிலிருந்து வருகிறது?

நியூ ஜெர்சிக்குக் குடிவந்து சில மாதங்களே ஆன ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "கடையில் எனக்கு முன்னால் நின்ற பெண்மணி கத்தையாகக் கூப்பன்களைக் கொடுத்துப் பாதி விலைக்குப் பொருள்களை வாங்கிப் போனார். நான் நீட்டிய ஒரே கூப்பனைக் கேஷியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். செய்தித்தாளில் வருவது, செயலியில் வருவது, ரசீதோடு அச்சாகி வருவது என்று இதில் எத்தனை வகை? எதை எதோடு சேர்க்கலாம்? சைவச் சமையல் வீட்டுக்கு இதனால் பயன் உண்டா? பகலில் கடைக்குப் போவது என் மாமனாரும் மாமியாரும்தான். அவர்களிடம் ஸ்மார்ட்போன் கிடையாது. அவர்களும் இதைப் பயன்படுத்த வழி உண்டா?"

இதே மாநிலத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் வேலை பார்த்திருக்கிறேன். கூப்பன் தகராறு எதுவானாலும் கடைசியில் அந்த மேசைக்குத்தான் வந்து சேரும். அங்கே நின்று தெரிந்துகொண்டது இதுதான்: கூப்பனில் எத்தனை வகை என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கையில் எந்தக் கூப்பன் கிடைத்தாலும், "இந்தத் தள்ளுபடிக் காசை யார் கொடுக்கிறார்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும். எந்தக் கடையில் செல்லும், எதோடு சேர்க்கலாம், வரி எவ்வளவு என்பதெல்லாம் அதிலிருந்தே விளங்கிவிடும்.

காசு கொடுப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் பொருளைத் தயாரிக்கும் நிறுவனம். மற்றவர் கடைக்காரர்.

முதல் வகைதான் உற்பத்தியாளர் கூப்பன். பற்பசை நிறுவனம் ஒரு டாலர் கூப்பன் வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அதைக் கடையில் கொடுக்கிறீர்கள். கடை உங்களுக்கு ஒரு டாலரைக் குறைத்துக்கொண்டு, அந்தக் காகிதத்தைச் சேர்த்துவைக்கிறது. சேர்ந்த கூப்பன்கள் மூட்டையாகக் கணக்குத் தீர்க்கும் நிறுவனத்துக்குப் போகின்றன. அங்கே எண்ணிப் பிரித்து, உற்பத்தியாளரிடம் அந்த ஒரு டாலரையும் அதோடு ஒரு சிறு கையாளும் கட்டணத்தையும் கடைக்கு வாங்கித் தருகிறார்கள். அந்தக் கட்டணம் பெரும்பாலான கூப்பன்களில் 8 சென்ட் என்று அச்சிட்டிருக்கும். ஆக, நீங்கள் கூப்பன் நீட்டுவதால் கடைக்கு நஷ்டம் எதுவும் இல்லை. நம்மவர்கள் பலர் ஏதோ கடைக்காரரிடம் இனாம் கேட்பதுபோல் கூச்சப்பட்டுக்கொண்டே கூப்பனைக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூச்சம் வேண்டவே வேண்டாம்.

பணம் உற்பத்தியாளருடையது என்பதால், உற்பத்தியாளர் கூப்பனை ஏற்கும் எந்தக் கடையிலும் இது செல்லும். வால்மார்ட், டார்கெட், ஷாப்ரைட், க்ரோகர், பப்ளிக்ஸ், சிவிஎஸ் எல்லாம் ஏற்பவை. காஸ்ட்கோ ஏற்பதில்லை, தன் சொந்தத் தள்ளுபடியோடு நிறுத்திக்கொள்கிறது. பிஜேஸும் காஸ்ட்கோ மாதிரியே சந்தா கட்டியவர்கள் மட்டும் வாங்கும் உறுப்பினர் கடைதான், ஆனால் அங்கே செல்லும். ஆல்டியில் பொதுவாகச் செல்லாது. அங்கே விற்பது பெரும்பாலும் அவர்களுடைய சொந்தப் பெயர்ச் சரக்கு; அதற்குக் கூப்பன் அடிக்க வெளி நிறுவனம் ஏது?

இரண்டாவது வகை கடைக் கூப்பன். காசு கடையின் பையிலிருந்து போகிறது; அதனால் அந்தக் கடையில் மட்டும்தான் செல்லும். சில கடைகள் போட்டிக் கடையின் கூப்பனையும் ஏற்றுக்கொள்வது உண்டு, ஆனால் அது அந்தந்தக் கிளையின் முடிவு. "இந்த வாரம் ஸ்ட்ராபெரிக்கு ஒரு டாலர் குறைவு", "30 டாலருக்கு வாங்கினால் 5 டாலர் கழிவு" என்பவை எல்லாம் இந்த வகை.

இப்போது உங்கள் முக்கியமான கேள்விக்கு விடை தானாகவே கிடைத்துவிடும். ஒரு பொருளுக்கு ஒரு உற்பத்தியாளர் கூப்பன்தான். ஒரே பற்பசைக்கு இரண்டைக் கொடுக்க முடியாது. ஆனால் ஒரு உற்பத்தியாளர் கூப்பனையும் ஒரு கடைக் கூப்பனையும் ஒரே பொருளுக்குச் சேர்த்துக் கொடுக்கப் பல கடைகள் அனுமதிக்கின்றன, ஏனென்றால் காசு இரண்டு வேறு இடங்களிலிருந்து வருகிறது. டார்கெட், பப்ளிக்ஸ், சிவிஎஸ் மூன்றிலும் இந்த வழக்கம் உண்டு. உங்களுக்கு முன்னால் நின்ற பெண்மணி அனேகமாக இதைத்தான் செய்திருப்பார்: வாரத் தள்ளுபடியில் இருந்த பொருளுக்குக் கடைக் கூப்பன் ஒன்று, அதன்மேல் உற்பத்தியாளர் கூப்பன் ஒன்று.

சரி, உங்கள் கூப்பன் ஏன் திரும்பி வந்தது? அதில் என்ன எழுதியிருந்தது என்று நீங்கள் சொல்லவில்லை. அதனால் கூப்பனை எப்படி வாசிப்பது என்பதையே சொல்கிறேன்.

ஒரு துணி சோப்புத் திரவக் கூப்பனைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மேல் ஓரத்தில் உற்பத்தியாளர் கூப்பன் என்றோ கடையின் பெயரோ இருக்கும். நம் முதல் கேள்விக்கு அங்கேயே பதில். பக்கத்தில் காலாவதித் தேதி. அந்தத் தேதி முடியும்வரை செல்லும், மறுநாள் செல்லாது. இங்கே மாதம் முன்னால், நாள் பின்னால் எழுதுவார்கள். 05/06 என்றால் மே மாதம் 6ஆம் தேதி. ஊர் வழக்கப்படி ஜூன் 5 என்று படித்துவிட்டு ஒரு மாதம் கழித்து வருபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நடுவில் பெரிய எழுத்தில் தொகை. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி. முக்கால்வாசித் தகராறுக்கும் அந்த ஒரு வரிதான் காரணம். "75 அவுன்ஸ் அல்லது அதற்கு மேல், ஏதேனும் ஒன்று, சிறு மாதிரி அளவுகள் நீங்கலாக" என்று இருக்கும். நீங்கள் எடுத்த புட்டி 46 அவுன்ஸ் என்றால் இயந்திரம் ஏற்காது. படத்தை நம்பி எடுக்காதீர்கள். படத்தில் பெரும்பாலும் விலை கூடிய ரகத்தைத்தான் போடுவார்கள். கீழே "எந்த ரகமானாலும்" என்று எழுதியிருந்தால், படத்தில் இல்லாத மலிவான ரகத்துக்கும் அதே தள்ளுபடி உண்டு. எழுத்துதான் செல்லும், படம் செல்லாது.

அடுத்தது "ஒரு வாங்குதலுக்கு ஒரு கூப்பன்" என்னும் நிபந்தனை. நான் மேசையில் நின்ற காலத்தில் அதிகம் விளக்கிச் சொல்லவேண்டி வந்தது இதைத்தான். இங்கே வாங்குதல் என்றால் ஒரு பொருள். நான்கு பற்பசை எடுத்தால் அது நான்கு வாங்குதல். நான்கு கூப்பன் கொடுக்கலாம். "ஒரு பில்லுக்கு ஒன்று" என்றோ "ஒரே மாதிரிக் கூப்பன் ஒரு பில்லில் நான்குக்கு மேல் கூடாது" என்றோ இருந்தால் அது வேறு கட்டுப்பாடு. கேஷியரே இரண்டையும் குழப்பிக்கொள்வது உண்டு. அப்போது வாக்குவாதம் செய்யாமல், கடையின் இணையதளத்தில் இருக்கும் கூப்பன் விதிமுறையைக் காட்டி மேலாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

அடியில், பொடி எழுத்தில், ரொக்க மதிப்பு ஒரு சென்ட்டில் நூறில் ஒரு பங்கு என்று எழுதியிருக்கும். அந்தக் காலத்தில் கடைகள் கொடுத்த சேமிப்பு முத்திரைகளைக் கட்டுப்படுத்த வந்த மாநிலச் சட்டங்களின் எச்சம் அது. உங்களுக்கும் எனக்கும் அதனால் ஒரு பயனும் இல்லை. கடைக்காரர் கூப்பனை எங்கே அனுப்பவேண்டும் என்ற முகவரியும் அங்கேதான் இருக்கும். டெக்சாஸ் மாநிலத்தின் டெல் ரியோ ஊர் முகவரி பல கூப்பன்களில் தென்படும்.

கடைசியாகப் பார்கோடு. 2011 வாக்கில் பழைய குறியீட்டுக்குப் பதிலாக நீளமான புதிய குறியீடு வந்தது. எந்த நிறுவனம், எந்தப் பொருள் குடும்பம், எத்தனை வாங்கவேண்டும், எவ்வளவு கழிக்கவேண்டும், எப்போது காலாவதி என்பதெல்லாம் அதற்குள்ளேயே பதிந்திருக்கிறது. அதனால் பொருள் பில்லில் ஏறவில்லை என்றால் இயந்திரம் கூப்பனை ஏற்காமல் ஒலி எழுப்பும். ஒலி எழுந்துவிட்டதே என்று பதறவேண்டாம். சில நேரம் சரியான கூப்பனுக்கும் அப்படி ஆகும். கூப்பனிலுள்ள வரியையும் புட்டியிலுள்ள அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், கேஷியரே கையால் தொகையை ஏற்றிவிட முடியும்.

இனி, கூப்பன் எந்தெந்த வழியில் வந்து சேர்கிறது என்று பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளுக்குள் வண்ணத்தாளாகச் செருகிவைப்பது பழைய முறை. வலாசிஸ் நிறுவனம் 1972இல் தொடங்கிவைத்த அந்தச் செருகுதாள்தான் பல பத்தாண்டுகள் கூப்பன் உலகத்தையே ஆண்டது. இப்போது அது மெலிந்துவிட்டது. கூப்பனுக்காக மட்டும் செய்தித்தாளுக்குச் சந்தா கட்டுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். கடையிலேயே கிடைப்பவற்றைக் கவனியுங்கள்: பொட்டலத்தின்மேல் உரித்தெடுக்கும்படி ஒட்டியிருப்பவை, அலமாரியில் கிழித்தெடுக்கும் கட்டாகத் தொங்குபவை. பெரும்பாலும் இவை உற்பத்தியாளர் கூப்பன்களே, வேறு கடையிலும் செல்லும். ஆனால் ஒட்டியிருக்கும் கூப்பனை மட்டும் உரித்துக்கொண்டு பொட்டலத்தை விட்டுப்போகாதீர்கள். அது அந்தப் பொட்டலத்தை வாங்குபவருக்கு உரியது.

ரசீது அச்சாகும்போது பக்கத்து இயந்திரத்திலிருந்து தனியாக ஒரு நீளத்தாள் வருமே, அதற்குக் கூப்பன் சேர்ப்பவர்களிடையே கேட்டலினா என்று பெயர். அந்த இயந்திரத்தை வைக்கும் நிறுவனத்தின் பெயர் அது. நீங்கள் இப்போது என்ன வாங்கினீர்களோ அதைப் பார்த்து அச்சாகும். ஒரு நிறுவனத்தின் தயிரை வாங்கினால் போட்டி நிறுவனத்தின் தயிருக்குக் கூப்பன் வரும். சில தாள்களில் "அடுத்த முறை எது வாங்கினாலும் 3 டாலர் கழிவு" என்று வரும். அது ரொக்கத்துக்குச் சமம், குப்பையில் போட்டுவிடாதீர்கள். தேதி மட்டும் குறுகியதாக இருக்கும்.

மருந்துக்கடைகளின் வெகுமதியும் இதற்கு நெருங்கிய உறவுதான். சிவிஎஸ் கடையில் எக்ஸ்ட்ராபக்ஸ் என்பார்கள், வால்கிரீன்ஸில் வால்கிரீன்ஸ் கேஷ். இதில் ஒரு கணக்கைப் பார்க்கலாம். விலைகள் எடுத்துக்காட்டுக்குத்தான். பற்பசை ஒன்று 3.99 டாலர். இரண்டு வாங்கினால் 4 டாலர் வெகுமதி என்று வார விளம்பரம் சொல்கிறது. உங்களிடம் ஒரு டாலர் உற்பத்தியாளர் கூப்பன் இரண்டு இருக்கிறது. விலை 7.98, கூப்பன் கழித்தால் 5.98. அதைக் கையிலிருந்து கொடுக்கிறீர்கள். கூடவே அடுத்த முறைக்கு 4 டாலர் வருகிறது. அந்த 4 டாலரை எப்படியும் வாங்கவேண்டிய ஒரு பொருளுக்குப் பயன்படுத்தினால், ஒரு பற்பசை 99 சென்ட்டுக்குக் கிடைத்ததாக அர்த்தம். பயன்படுத்தாமல் தேதி போய்விட்டாலோ, அதைச் செலவழிப்பதற்காகவே தேவையில்லாத நொறுக்குத்தீனியை வாங்கினாலோ, பற்பசையின் விலை 2.99 ஆகவே நிற்கும். மருந்துக்கடைகளில் சாதாரண விலை அதிகம் என்பதையும் நினைவில் வையுங்கள். வெகுமதியும் கூப்பனும் சேரும் வாரத்தில் போங்கள். மற்ற வாரங்களில் அங்கே பால், முட்டை வாங்காதீர்கள்.

இப்போது பெரும்பங்கு செயலிக் கூப்பன்களுக்குப் போய்விட்டது. கடையின் செயலியில் அல்லது இணையதளத்தில் ஒவ்வொன்றாகத் தொட்டு உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்கிறீர்கள். பில் போடும்போது உறுப்பினர் எண்ணைக் கொடுத்தால் தானாகக் கழியும். இதிலும் நம் பழைய கேள்வியையே கேளுங்கள். செயலியில் வருவதால் மட்டும் அது கடைக் கூப்பன் ஆகிவிடாது. விவரத்தைத் தொட்டுப் பார்த்தால் உற்பத்தியாளர் கூப்பன் என்று சொல்லும். அப்படியானால் அதே பொருளுக்குக் காகித உற்பத்தியாளர் கூப்பனைச் சேர்க்க முடியாது. பெரும்பாலான கடைகளில் செயலியில் ஏற்றியதே முந்திக்கொள்ளும். 75 சென்ட் செயலிக் கூப்பனை ஏற்றிவைத்துவிட்டு 2 டாலர் காகிதக் கூப்பனை நீட்டினால் நஷ்டம் உங்களுக்குத்தான். காகிதத்தில் பெரிய தொகை இருக்கும் பொருளுக்குச் செயலியில் தொடாமல் விடுவது நல்லது.

செயலிக் கூப்பனில் இன்னும் இரண்டைக் கவனிக்கவேண்டும். பெரும்பாலும் ஒரு கணக்குக்கு ஒரு முறைதான் கழியும். சில நேரம் "ஐந்து வரை" என்று விளம்பரத்தில் சொல்லியிருப்பார்கள், அது தனி. அடுத்து, அலமாரியில் பெரிய எழுத்தில் 1.99 என்று போட்டு, "செயலிக் கூப்பனோடு" என்று சின்னதாக எழுதியிருப்பார்கள். தொட்டு ஏற்றவில்லை என்றால் முழு விலை விழும். ரசீதை வாங்கியவுடன் கடையை விட்டு வெளியேறும் முன் பாருங்கள். கழியவில்லை என்றால் சேவை மேசைக்குப் போங்கள். பெரும்பாலும் அங்கேயே வித்தியாசத்தைத் திருப்பித் தந்துவிடுவார்கள்.

இந்தச் செயலி விலைமீது எனக்குக் கோபமே உண்டு. ஒரே தக்காளிச் சாறு, ஒரே அலமாரி. போன் தெரிந்தவருக்கு ஒரு விலை, தெரியாத முதியவருக்கு ஒரு விலை. இது நியாயமில்லை என்று பல ஊர்களில் குரல் எழுந்தது. கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரமன்றம், செயலியில் தரும் சலுகையைக் காகித வடிவிலும் தரவேண்டும் என்று 2025இல் சட்டமே இயற்றியது.

வாங்கிய பிறகு பணம் திரும்பி வரும் வகையும் உண்டு. ஐபோட்டா, ஃபெட்ச் போன்ற செயலிகளில் ரசீதைப் படம் எடுத்துப் போட்டால் பணமாகவோ புள்ளியாகவோ சேரும். காசு பெரும்பாலும் உற்பத்தியாளருடையது. ஆனால் கடையின் பில்லைத் தொடாமல் பின்னால் வருவதால், கூப்பன் போட்ட பொருளுக்கும் பல நேரம் இதைப் பெறலாம். கூடாது என்றால் அந்தச் சலுகையிலேயே எழுதியிருக்கும். ஐபோட்டாவில் 20 டாலர் சேர்ந்த பிறகுதான் எடுக்க முடியும். உங்கள் வீட்டில் என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை நாளுக்கு ஒரு முறை எதை வாங்குகிறீர்கள் என்ற விவரத்தை விலையாகக் கொடுத்துத்தான் இந்தப் பணத்தைப் பெறுகிறீர்கள். எனக்கு அது உவப்பில்லை. ஆனால் மாதம் சில டாலர் முக்கியமான வீட்டுக்கு அதை வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

வரி பற்றி யாரும் சொல்வதில்லை, அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். நியூ ஜெர்சியில் மளிகை உணவுக்கு விற்பனை வரி கிடையாது. துணி சோப்புத் திரவத்துக்கு 6.625 சதவீதம் உண்டு. 10 டாலர் புட்டிக்கு 3 டாலர் கடைக் கூப்பன் கொடுத்தால் 7 டாலருக்குத்தான் வரி, 46 சென்ட். அதே 3 டாலர் உற்பத்தியாளர் கூப்பனாக இருந்தால் முழுப் 10 டாலருக்கும் வரி, 66 சென்ட். கடைக்குப் பத்து டாலரும் கிடைத்துவிடுகிறது, மூன்றை நிறுவனம் கொடுக்கிறது என்பதே காரணம். இலவசமாகவே கிடைத்த பொருளுக்கும் சில சென்ட் கேட்கிறார்களே என்று பலர் மேசைக்கு வந்து முறையிடுவார்கள். கடை ஏமாற்றவில்லை. மாநிலத்துக்கு மாநிலம் இந்த விதி மாறும்.

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பதில் இரண்டு விதம் உண்டு. கடை தன் வார விளம்பரத்தில் அப்படிப் போட்டிருந்தால், இரண்டு பொருளுக்கும் தனித்தனியாக உற்பத்தியாளர் கூப்பன் கொடுக்கப் பப்ளிக்ஸ் போன்ற கடைகள் விடுகின்றன. 6 டாலர் பொருள் இரண்டு, 6 டாலருக்கு. ஒரு டாலர் கூப்பன் இரண்டு போட்டால் 4 டாலருக்கு இரண்டு. கூப்பனே "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்று சொன்னால், அந்த ஒரே காகிதம் இரண்டு பொருளையும் பிடித்துக்கொள்கிறது என்று பல கடைகள் கணக்கிடும். அங்கே வேறு உற்பத்தியாளர் கூப்பனுக்கு இடமில்லை.

கூப்பன் மதிப்பை இரட்டிப்பாக்கும் வழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. 50 சென்ட் கூப்பனுக்குக் கடை தன் பையிலிருந்து இன்னொரு 50 சென்ட் சேர்த்துக் கழிக்கும். பெரும்பாலான இடங்களில் நிறுத்திவிட்டார்கள். நியூ ஜெர்சியில் ஷாப்ரைட் கிளைகளில் சிறு தொகைக் கூப்பன்களுக்கு நெடுங்காலம் இது இருந்துவந்தது. உங்கள் கிளையில் இப்போதும் உண்டா என்று மேசையில் கேட்டுப்பாருங்கள். "இரட்டிப்பாக்கக் கூடாது" என்று அச்சிட்ட கூப்பன்களுக்கு அது பொருந்தாமல் போகலாம். செயலிக் கூப்பன்கள் இரட்டிப்பதில்லை.

"30 டாலருக்கு 5 டாலர் கழிவு" மாதிரியான கூப்பனை மற்றக் கூப்பன்களுக்கு முன்னால் கொடுங்கள். பல கடைகளில் மற்றக் கூப்பன்களைக் கழிப்பதற்கு முன்பிருந்த தொகையைத்தான் அந்த 30 டாலருக்குப் பார்ப்பார்கள். கடைசியில் நீட்டி, தொகை 28 ஆகிவிட்டது என்று தவிக்கவேண்டாம்.

விளம்பரத்தில் வந்த பொருள் அலமாரியில் தீர்ந்துபோயிருந்தால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். மளிகைக் கடைகள் விளம்பரம் செய்த பொருளைப் போதிய அளவு வைத்திருக்கவேண்டும், இல்லையென்றால் ஈடு செய்யவேண்டும் என்று கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதியே இருக்கிறது. "இருப்பு உள்ளவரை" என்று விளம்பரத்திலேயே சொல்லிவிட்டால் விலக்கு உண்டு. சேவை மேசையில் ரெயின் செக் என்று கேட்டால், சரக்கு வந்த பிறகும் அதே தள்ளுபடி விலைக்குத் தருவதாகப் பல கடைகளில் எழுதிக் கொடுப்பார்கள். அதோடு அப்போது கையிலிருக்கும் கூப்பனையும் சேர்த்துக்கொள்ளலாம். இதைக் கேட்டு வாங்குபவர்கள் மிகக் குறைவு.

சைவ வீட்டுக்குப் பயன் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் இருக்காது. அரிசி, துவரம்பருப்பு, உளுந்து, புளிக்குக் கூப்பன் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். லாப விளிம்பு அதிகமுள்ள, விளம்பரத்தால் விற்கும் பெயர்ச் சரக்குக்குத்தான் நிறுவனங்கள் கூப்பனுக்குப் பணம் ஒதுக்குகின்றன. பருப்புக்கும் வெண்டைக்காய்க்கும் அப்படிப் பணம் செலவிட யாரும் இல்லை. அவற்றுக்கு இந்திய மளிகைக் கடையின் பெரிய மூட்டையும் வார இறுதி விலையுமே வழி. காய்கறி, பழத்துக்குக் கடைக் கூப்பனும் வாரத் தள்ளுபடியும் வரும். உற்பத்தியாளர் கூப்பன் உங்களுக்குக் கைகொடுப்பது துணி சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம், பற்பசை, ஷாம்பு, டயாபர், தயிர், காபி, காலைச் சீரியல் ஆகியவற்றில். குழந்தை இருக்கும் வீட்டில் டயாபர் கூப்பன் ஒன்றே மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது.

அங்கேயும் கூப்பன் இருக்கிறது என்பதற்காகவே வாங்கக் கூடாது. 12 அவுன்ஸ் சீரியல் 5.49 டாலர், ஒரு டாலர் கூப்பன் போட்டால் 4.49, ஒரு அவுன்ஸ் 37 சென்ட். பக்கத்திலேயே கடையின் சொந்தப் பெயரில் அதே 12 அவுன்ஸ் 2.79 டாலர், ஒரு அவுன்ஸ் 23 சென்ட். கூப்பனைப் பையிலேயே வைத்துக்கொண்டு, அந்தப் பெயர்ச் சரக்கு 2.99க்கு இறங்கும் வாரத்துக்குக் காத்திருங்கள். அப்போது 1.99. கூப்பன் கிடைத்த வாரம் வேறு, அதைப் பயன்படுத்தவேண்டிய வாரம் வேறு. பொருள்கள் சில வாரங்களுக்கு ஒரு முறை சுழற்சியாக விலை இறங்கும். ஷாப்ரைட்டில் வார விளம்பரம் மாறுவதையும், சிவிஎஸ், வால்கிரீன்ஸ், டார்கெட் ஆகியவற்றில் ஞாயிறன்று புது விளம்பரம் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தால் ஓரிரு மாதத்தில் உங்களுக்கே பிடிபட்டுவிடும். அலமாரிச் சீட்டில் ஒரு அவுன்ஸுக்கு என்ன விலை என்று சின்ன எண் இருக்கும். அதைப் பார்க்கும் பழக்கம் எந்தக் கூப்பனைவிடவும் அதிகம் மிச்சப்படுத்தும்.

ஒரு எச்சரிக்கை. நம் வாட்ஸ்அப் குழுக்களில் "இலவசம்", "75 டாலர் கூப்பன்" என்று படங்கள் சுற்றுகின்றன. அனுப்புபவர் நல்ல மனதோடுதான் அனுப்புகிறார், ஆனால் அவற்றைத் தொடாதீர்கள். ஒன்று உங்கள் விவரத்தைத் திருடும் இணைப்பு, இல்லையென்றால் போலிக் கூப்பன். முழுப் பொருளையும் இலவசமாகத் தரும் உண்மையான கூப்பன் படமாக ஊர் சுற்றாது. கூப்பனை நகல் எடுப்பதும் குற்றம். இணையத்திலிருந்து அச்சிடும் கூப்பன் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு, கணக்குத் தீர்க்கும் இடத்தில் பிடிபடும், அந்தக் காசு கடையின் தலையில் விழும். வர்ஜீனியா பீச்சில் போலிக் கூப்பன் அடித்து விற்ற ஒரு பெண்ணுக்கு 2021இல் 12 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் நேர்ந்த இழப்பு 3 கோடி டாலருக்கு மேல். சந்தேகம் வந்தால் கூப்பன் இன்ஃபர்மேஷன் கார்ப்பரேஷன் என்ற அமைப்பின் தளத்தில் போலிக் கூப்பன்களின் பட்டியல் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்துக் கூப்பன் வாங்குவதையும் விட்டுவிடுங்கள். பிறருக்கு மாற்றக் கூடாது என்று கூப்பனிலேயே அச்சிட்டிருக்கிறது.

கடைசியாக உங்கள் மாமனார், மாமியார். செயலிக் கூப்பன் போனில் இருப்பதாகத் தோன்றினாலும், உண்மையில் அது உங்கள் உறுப்பினர் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கில் ஒரு தொலைபேசி எண் பதிந்திருக்கும். முந்தைய நாள் இரவு நீங்கள் உங்கள் போனில் வேண்டியவற்றைத் தொட்டு ஏற்றிவிடுங்கள். மறுநாள் அவர்கள் கடையில் பணம் கட்டும் இயந்திரத்தில் அந்தப் பத்து எண்களை அழுத்தினால் போதும், எல்லாக் கூப்பனும் கழியும். கையில் போன் வேண்டியதில்லை. ஷாப்ரைட், சிவிஎஸ், டார்கெட் எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு. எண்ணை ஒரு சீட்டில் பெரிதாக எழுதி மாமனாரின் பர்ஸில் வைத்துவிடுங்கள். எந்தப் பொருள், எத்தனை அவுன்ஸ், எத்தனை எண்ணிக்கை என்று இன்னொரு சீட்டில் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள், ஏனென்றால் அளவு தவறினால் கழியாது. ரசீதை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஏதாவது கழியாமல் போயிருந்தால் மாலையில் நீங்கள் அதை எடுத்துக்கொண்டு சேவை மேசைக்குப் போய்க் கேளுங்கள். அவர்கள் இருவரையும் அங்கே நின்று ஆங்கிலத்தில் வாதாடும்படி விடவேண்டாம்.